பல்லைக் கடித்துக்கொண்டு... தாடை வலிக்கு ஒரு நூற்றாண்டு வைத்தியம்

கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவரை "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கார்" என்று சொல்வது நம் வழக்கம். கோபம் வந்தாலும் பல்லை நறநறவென்று கடிப்பதுதான். இது வெறும் பேச்சு வழக்கு இல்லை. மனசில் நெருக்கடி வந்தால் மனிதன் நிஜமாகவே பல்லைக் கடிக்கிறான். அதுவும் பெரும்பாலும் தனக்கே தெரியாமல்!

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். காதுக்குக் கீழே தாடை திரும்புகிற இடத்தில் இரண்டு பக்கமும் விரல்களை வைத்துக்கொண்டு கடைவாய்ப் பற்களை அழுத்திக் கடியுங்கள். உருண்டையாக ஒன்று திரண்டு எழும்புகிறதா? அது மாஸட்டர் என்ற தசை. இப்போது விரல்களை நெற்றிப்பொட்டுக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் கடியுங்கள். அங்கேயும் ஒன்று அசையும். அது டெம்பொராலிஸ். தலைவலி என்றவுடன் நம் ஊரில் அமிர்தாஞ்சன் தேய்க்கிற இடம் சரியாக இதுதான். (அந்த மஞ்சள் தைலம் 1893ல் பம்பாயில் பிறந்து, பின்னால் சென்னைக்குக் குடிவந்தது என்பது வேறு கதை.) ஆக, தலைவலி என்று நாம் தேய்த்துவிடுவது பல நேரங்களில் ஒரு தாடைத் தசையை!

வாய் சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ளவே கூடாது. நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்துப் பற்கள் ஒன்றையொன்று தொடுகிற நேரம் மொத்தமே சுமார் 20 நிமிடம்தான் என்பது பல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பரீட்சைக்குப் படிக்கிறவர், கணக்கு முடிக்கிற மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர், டிராஃபிக்கில் வண்டி ஓட்டுகிறவர்... இவர்களில் பலர் இந்த 20 நிமிடக் கோட்டாவைக் காலை பத்து மணிக்குள்ளேயே செலவழித்துவிடுகிறார்கள். அப்புறம் சாயந்திரம் தாடை கனக்கிறது, பொட்டு தெறிக்கிறது, காதுக்குள் ஏதோ அடைத்தது போல் இருக்கிறது. காது டாக்டரிடம் போனால் காதில் ஒன்றும் இல்லை என்கிறார். பல் டாக்டரிடம் போனால் பல்லில் ஒன்றும் இல்லை என்கிறார்.

அப்படியானால் குற்றவாளி யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி மேற்கத்திய மருத்துவம், குறிப்பாக அமெரிக்க மருத்துவம், ஒரு நூற்றாண்டு அலைந்திருக்கிறது. அதற்காகப் பல்லைத் தேய்த்தார்கள், பல்லை உயர்த்தினார்கள், மூட்டைத் திறந்தார்கள், மூட்டுக்குள் பிளாஸ்டிக்கை வைத்தார்கள். இந்த அலைச்சலுக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள்.

காது டாக்டர் சொன்ன கதை

தாடை நழுவிப்போவது மிகப் பழைய விஷயம். சுமார் 3600 வருடம் பழமையான எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்கிற எகிப்திய மருத்துவச் சுருளில் அதற்கு வைத்தியம் இருக்கிறது. கட்டை விரல்களை வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களால் தாடையை வெளியே பிடித்து, அழுத்தித் தள்ளி உட்கார வைக்க வேண்டும். கிரேக்கத்து ஹிப்போகிரட்டஸின் பெயரில் உள்ள நூல்களிலும் இதைப் பற்றி உண்டு. இன்றைக்கும் அவசரப் பிரிவில் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறார்கள்! ஆனால் நழுவாத, உடையாத, வீங்காத தாடை ஏன் வலிக்கிறது என்பதைப் பற்றி மருத்துவம் தீவிரமாக யோசிக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

1901ல் வியன்னாவின் பல் மருத்துவர் காரோலி, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது பற்களையும் ஈறுகளையும் கெடுக்கிறது என்று எழுதினார். 1907ல் பிரான்சில் மாரி, பியட்கீவிச் என்ற இருவர் இந்தப் பழக்கத்துக்கு "புரூக்ஸோமேனி" என்று பெயர் வைத்தார்கள். பல்லை நறநறப்பது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பிறகு அதுவே "புரூக்ஸிஸம்" ஆனது. ஆக, பெயர் கிடைத்துவிட்டது. காரணம்தான் கிடைக்கவில்லை.

1934ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் கோஸ்டன் ஒரு கட்டுரை வெளியிட்டார். காது அடைப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல், தலைவலி, நாக்கிலும் தொண்டையிலும் எரிச்சல் என்று வந்த 11 பேரை அவர் கவனித்திருந்தார். அவர் சொன்ன காரணம் கேட்பதற்கு ரொம்பக் கச்சிதமாக இருந்தது. கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டால் கீழ்த் தாடை அளவுக்கு மீறி மேலே ஏறி மூடிக்கொள்கிறது. அப்போது தாடை எலும்பின் முனை பின்னால் போய்க் காதுப் பக்கத்து நரம்பையும், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயையும் அழுத்துகிறது. எனவே பல்லின் உயரத்தைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பல் போனவர்கள் ஊர் முழுக்க இருந்த காலம் அது. பல்செட்டை மாற்றுவதும் கடியை உயர்த்துவதும் பல் மருத்துவருக்குக் கைவந்த வேலை. காது டாக்டர் கண்டுபிடித்த நோய்க்கு மருந்து பல் டாக்டர் கையில்! "கோஸ்டன் நோய்க்குறி" என்ற பெயர் வேகமாகப் பரவியது. 11 பேரை வைத்துச் சொன்ன கதை, ஆயிரக்கணக்கானவர்களின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

1948ல் சிகாகோவில் இருந்த உடற்கூற்றியல் அறிஞர் ஹாரி ஸிக்கர் இந்த விளக்கத்தை எடுத்துப் பிரித்துப் போட்டார். கோஸ்டன் சொன்ன இடத்தில் எலும்பு போய் நரம்பை நசுக்க உடம்பின் அமைப்பு இடம் கொடுக்காது என்று காட்டினார். விளக்கம் விழுந்தது. ஆனால் பெயரும் வைத்தியமும் விழவில்லை. கடை திறந்துவிட்டால் மூடுவது கஷ்டம் அல்லவா?

பக்கத்துத் தெருவில் நடந்தது

இதே காலத்தில், பல்லோடு சம்பந்தமே இல்லாத சில பேர் வேறு ஒரு பக்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எட்மண்ட் ஜேக்கப்சன் 1910ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு மருத்துவமும் படித்து, சிகாகோவில் வேலை பார்த்தவர். மனசில் பதற்றம் இருக்கும்போது தசை இறுகியிருக்கிறது, தசை முழுவதும் தளர்ந்துவிட்டால் பதற்றமும் நிற்க முடியாது என்பது அவர் கட்சி. 1929ல் "புரொக்ரெஸிவ் ரிலாக்ஸேஷன்" என்ற நூலை வெளியிட்டார். 1934ல், அதாவது கோஸ்டன் கட்டுரை எழுதிய அதே வருடம், பொதுமக்களுக்காக இன்னொரு புத்தகம் எழுதினார்.

அவர் முறை எளிமையானது. ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்க வேண்டும். அந்த இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு விட்டுவிட வேண்டும். கை, கால், வயிறு, தோள் என்று போய் நெற்றி, கண், தாடை, உதடு, நாக்கு வரை இப்படி வர வேண்டும். இதில் முக்கியம் இறுக்குவது இல்லை, கவனிப்பது. தான் தாடையை இறுக்கிக்கொண்டிருப்பதே தெரியாதவன் அதை எப்படித் தளர்த்துவான்?

ஜேக்கப்சன் வெறும் உபதேசம் செய்தவரும் இல்லை. பெல் டெலிஃபோன் ஆய்வகத்தின் உதவியோடு மிக நுண்ணிய மின் அளவுகளைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்துத் தசைகளை அளந்தார். ஒருவர் வாய் திறக்காமல் மனசுக்குள் பேசுவதாகக் கற்பனை செய்தாலே நாக்குத் தசையில் மின் துடிப்பு தெரிந்தது. அதாவது மனசுக்குள் சண்டை போடுகிறவன் வாயும் சும்மா இருப்பதில்லை. குறை என்னவென்றால், அவர் முறையைக் கற்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். 1950களில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் இதைச் சுருக்கிக் கொடுத்த பிறகுதான் பரவலானது.

1936ல் மான்ட்ரியாலில் ஹான்ஸ் ஸெல்யே, எந்த வகையான தொல்லை கொடுத்தாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரி மாறுகிறது என்று "நேச்சர்" இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். பொறியியலில் இருந்த "ஸ்ட்ரெஸ்" என்ற சொல் மனித உடம்புக்கும் மனசுக்கும் வந்து ஒட்டிக்கொள்ள அவர்தான் முக்கியக் காரணம். நியூயார்க்கில் ஹெரால்ட் வுல்ஃப், தலைவலியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1948ல் வெளியான அவர் புத்தகம் பல வருடங்கள் தலைவலி மருத்துவர்களின் பாடப்புத்தகமாக இருந்தது. தலையையும் கழுத்தையும் சுற்றியுள்ள தசைகள் நீண்ட நேரம் இறுகியிருப்பதால் வலி வருகிறது என்பது அவர் காலத்துக் கருத்து. 1962ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று "தசைச் சுருக்கத் தலைவலி" என்று இதைப் பட்டியலிலும் சேர்த்தது.

இரண்டு தெருக்களையும் இணைக்கிற ஆட்கள் 1949ல் வந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் என்ற பல் மருத்துவர் தாடை வலிக்கென்று ஒரு கிளினிக் தொடங்கினார். வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று புரிந்தது. பிரச்சினை பல்லில் இல்லை, மூட்டிலும் இல்லை, பெரும்பாலும் தசையில் இருக்கிறது. அந்தத் தசையின் பின்னால் கவலைப்படுகிற ஒரு மனிதர் இருக்கிறார். ஜேனட் டிராவல் என்ற மருத்துவர் அப்போது தசை முடிச்சுகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிர்விக்கும் எத்தில் குளோரைடைத் தோலின் மேல் தெளித்துத் தசையை இழுத்துத் தளர்த்துவது அவர் கையாண்ட முறை. ஷ்வார்ட்ஸும் இதைத் தாடைக்குப் பயன்படுத்தினார். (இந்த டிராவல்தான் பின்னால் ஜனாதிபதி கென்னடியின் சொந்த மருத்துவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.) 1969ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டேனியல் லாஸ்கின் இதை ஒரு முழுக் கொள்கையாகவே முன்வைத்தார். மனநெருக்கடி, அதனால் பல் கடிப்பு, அதனால் தசைச் சோர்வு, அதனால் வலி.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

பொய்யாகத் தேய்த்த பல்

பல்கள் சரியாகப் பொருந்தாததால்தான் ஆள் பல்லைக் கடிக்கிறான் என்று நம்பிய பெரிய கூட்டம் ஒன்று இருந்தது. மிச்சிகனில் இருந்த ஸிகர்ட் ராம்ஃப்யோர்ட் 1961ல் தசைகளின் மின் துடிப்பை அளந்து இதற்கு ஆதரவாக எழுதியிருந்தார். வைத்தியம்? இடிக்கிற இடத்தைப் பார்த்துப் பல்லைத் தேய்த்துச் சமன் செய்வது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது. இதைத்தான் கவனிக்க வேண்டும். தைலம் தேய்த்துப் பலிக்கவில்லை என்றால் முகம் கழுவிவிடலாம். பல்லைத் தேய்த்துப் பலிக்கவில்லை என்றால்?

1976ல் லாஸ்கினும் அவரோடு வேலை செய்த சார்லஸ் கிரீனும் குட்மேன் என்பவரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். தாடை வலி உள்ள 25 பேருக்குப் பல்லைச் சமன் செய்வதாகச் சொன்னார்கள். ஆனால் செய்தது பாவனைதான். பற்கள் சந்திக்கிற விதத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. முடிவு? 25 பேரில் 16 பேர், அதாவது 64 சதவீதம், வலி முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ போய்விட்டது என்றார்கள்!

இதைப் படித்துவிட்டு அந்த 16 பேரும் ஏமாளிகள் என்றோ, அவர்கள் வலி பொய் என்றோ முடிவு கட்டினால் அது பெரிய தப்பு. வலி நிஜம். இந்த வகை வலிக்கு ஏற்ற இறக்கம் உண்டு, பலருக்குத் தானாகவே தணியும். அதோடு ஒரு மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, இது பயப்படும்படியான நோய் இல்லை என்று சொல்லி, ஏதோ ஒன்றைச் செய்யும்போது ஆளுக்குத் தாடை தளர்கிறது. இத்தனை நாள் பல்லைத் தேய்த்துக் குணமானதாகச் சொன்ன வெற்றிக் கணக்கெல்லாம் எதன் பேரில் எழுதப்பட வேண்டிய வரவு என்பதுதான் இந்தச் சோதனை எழுப்பிய கேள்வி. வரவைத் தப்பான கணக்கில் எழுதிவிட்டால் பேரேடு முழுக்கத் தப்பாகிவிடும்.

1984ல் இன்னொரு அடி விழுந்தது. ஜான் ரூ என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இரவில் பல் கடிக்கிறவர்களுக்கு வேண்டுமென்றே இடிக்கிற மாதிரி உயரமான பல் உறையைப் பொருத்திப் பார்த்தார்கள். இடிப்பதால்தான் கடிக்கிறான் என்ற கொள்கைப்படி கடிப்பது கூடியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது!

மூட்டுக்குள் வைத்த டெஃப்லான்

இனி வருவது வேடிக்கை இல்லை.

1970களின் கடைசியில் தாடை மூட்டுக்குள் இருக்கிற சின்ன வட்டு மீது எல்லோர் பார்வையும் திரும்பியது. வாய் திறக்கும்போது "டொக்" என்று சத்தம் வருகிறதே, அது அந்த வட்டு இடம் விலகியதால் வருவது என்று படங்களில் தெரிந்தது. படத்தில் தெரிந்துவிட்டால் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. (எந்த வலியும் இல்லாத மனிதர்களைப் படம் எடுத்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வட்டு விலகியிருக்கிறது என்பது பிற்பாடு தெரிய வந்தது.) வட்டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும். ஹூஸ்டனில் இருந்த வைடெக் என்ற நிறுவனம் ப்ரோப்ளாஸ்ட், டெஃப்லான் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒரு தகடு செய்தது. ஆமாம், தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான்.

இது சந்தைக்கு வந்த விதம் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அமெரிக்காவில் மருத்துவச் சாதனங்களுக்கான சட்டம் 1976ல் வந்தது. அதற்கு முன்பே விற்பனையில் இருந்த ஒரு பொருளுக்குச் சமமானது என்று காட்டிவிட்டால், மனிதர்களிடம் சோதித்துப் பார்க்காமலே விற்கலாம் என்ற வழி அதில் இருந்தது. 1983ல் இந்தத் தகடு அந்த வழியாக உள்ளே வந்தது. மெல்லும்போது மனிதனுடைய தாடை மூட்டில் விழுகிற பாரத்தை இது எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு நோயாளிகள்தான் சோதனைக்கூடம்.

தாங்கவில்லை. தகடு தேய்ந்து பொடியானது. அந்தப் பொடியை அழிக்க உடம்பு அனுப்பிய செல்கள் பக்கத்து எலும்பையே அரித்தன. சிலருக்கு மண்டை ஓட்டின் அடித்தளம் வரைக்கும் அரிப்பு போனது. வாய் திறக்க முடியாமல், கடித்துச் சாப்பிட முடியாமல், ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று என்று பல அறுவைகளுக்கு ஆளானவர்கள் உண்டு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் விற்பனைக்குப் போயிருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1990ல் நிறுவனம் திவாலானது. அந்த வருடக் கடைசியில் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறுவை மருத்துவர்களை எச்சரித்தது. 1991ல் பொருள் திரும்பப் பெறப்பட்டது, பதித்துக்கொண்டவர்களைத் தேடித் தகவல் சொல்லும் வேலை நடந்தது. 1992ல் நாடாளுமன்றக் குழு விசாரணை. அத்தனையும் நடந்தது, எலும்பு அரித்த பிறகு.

அந்தத் தகட்டைத் தேடிப் போனவர்களில் எல்லோரும் வெறும் பல்கடிப்பால் வந்தவர்கள் இல்லை. அடிபட்டவர்களும் மூட்டு வாதம் உள்ளவர்களும் இருந்தார்கள். ஆனால் கிளிக் சத்தமும் தசை வலியும் மட்டுமே இருந்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள் என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. அவர்கள் யாரிடமாவது 1949லேயே கொலம்பியாவில் தெரிந்த விஷயத்தை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

தசையும் முழுப் பதில் இல்லை

சரி, அப்படியானால் ஜேக்கப்சன் கட்சி முழுவதும் ஜெயித்துவிட்டதா என்றால் அங்கேயும் ஒரு திருப்பம் இருக்கிறது.

1970ல் கொலராடோவில் புட்ஸின்ஸ்கியும் ஸ்டொய்வாவும் ஒரு கருவி செய்தார்கள். நெற்றித் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அது ஒலியாகக் கேட்கச் செய்யும். ஒலியைக் குறைக்கப் பழகினால் தசை தளரும், தலைவலி குறையும். குறைந்தது. "பயோஃபீட்பேக்" பிரபலமானது. 1980ல் ஆண்ட்ராசிக், ஹோல்ராய்ட் என்ற இருவர் தலைவலி உள்ள கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தசையைத் தளர்த்தவும், இன்னொரு குழுவுக்கு இறுக்கவும், மற்றொன்றுக்கு மாறாமல் வைக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். தளர்த்தத்தான் கற்கிறோம் என்று எல்லோரையும் நம்ப வைத்தார்கள். மூன்று குழுவுக்கும் தலைவலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது! தசையை இறுக்கியவர்களுக்கும்கூட.

ஆக, வலியைக் குறைப்பது தசையின் அளவு மட்டும் இல்லை. தன் உடம்பைத் தானே கவனிக்க முடியும், தன் தலைவலி தன் கைக்குள் இருக்கிறது என்ற எண்ணமும் வேலை செய்கிறது. இப்படிப்பட்ட முடிவுகள் சேர்ந்துகொண்டே போனதால் 1988ல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் பட்டியலைத் திருத்தியபோது "தசைச் சுருக்க" என்ற சொல்லை எடுத்துவிட்டு "டென்ஷன் வகைத் தலைவலி" என்று பொத்தாம்பொதுவாகப் பெயர் வைத்தது. வலியை உணர்கிற நரம்பு மண்டலமே கூர்மையாகிப்போவதும் இதில் சேர்த்தி என்பது இன்றைய புரிதல். இரவில் தூக்கத்தில் கடிப்பதும் பகலில் விழித்துக்கொண்டு கடிப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்பதும் இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. நெருக்கடியோடு அதிகம் ஒட்டியிருப்பது பகல் கடிப்புதான்.

அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிவருகிற ஒரு சின்ன விதி உண்டு. உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும். 1991ல் டெரன்ஸ் மெக்நாலி என்ற நாடகாசிரியர் இதையே தன் நாடகத்துக்குத் தலைப்பாக வைத்தார் என்றால் எவ்வளவு பேர் காதில் விழுந்திருக்க வேண்டும்! நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாக வைத்துக்கொண்டால் பற்கள் தானாகப் பிரியும். கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு கலர்ப் புள்ளியை ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்கும் பொட்டுக்கும் ஒத்தடம், விரல்களால் மெதுவாகத் தேய்த்துவிடுவது, சில நாள் மென்மையான சாப்பாடு, சூயிங்கத்துக்கு விடுமுறை. ஜேக்கப்சன் சொன்ன மாதிரி கடித்து, கவனித்து, விடுவதையும் செய்யலாம். கடிக்கும்போது வலித்தால் மட்டும் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். (ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் இந்த ஒத்தடமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே டாக்டர். அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், கண்ணே போய்விடும். நெஞ்சு அடைப்போடு வரும் தாடை வலியும் அப்படித்தான், உடனே ஆஸ்பத்திரி.)

கொரோனா காலம் இந்தப் பழைய விஷயத்தை மறுபடியும் செய்தியாக்கியது. 2021ன் தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் விசாரித்தபோது, பல் மருத்துவர்களில் பத்துக்கு ஏழு பேர் பல் கடிப்பும் இறுக்கமும் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். விரிசல் விட்ட பற்களும் கூடியிருந்தன. பல்செட் உயரமோ மூட்டு வட்டோ ஒரே வருடத்தில் அத்தனை பேருக்கும் மாறியிருக்க முடியாது. மாறியது வாழ்க்கை.

2023 டிசம்பரில் "பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்" நாள்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் உறுதியாகப் பரிந்துரைத்தவை: நடத்தை சார்ந்த மனப்பயிற்சி (தளர்வுப் பயிற்சியோடோ பயோஃபீட்பேக்கோடோ சேர்த்தும் செய்யலாம்), பயிற்சியாளர் கையால் தாடையையும் தசை முடிச்சுகளையும் தளர்த்துவது, மேற்பார்வையோடு தாடைப் பயிற்சி, வீட்டில் செய்கிற பயிற்சி, விளக்கிச் சொல்லி தைரியம் கொடுப்பது. கூடாது என்று உறுதியாகச் சொன்னவற்றில், கடியை நிரந்தரமாக மாற்றிவிடுகிற தகடுகளும் மூட்டு வட்டை எடுக்கும் அறுவையும் இருந்தன. ராத்திரி போட்டுக் கழற்றுகிற சாதாரண வாய்த் தகட்டைக்கூட வலிக்கான வைத்தியமாக அது தூக்கிப் பிடிக்கவில்லை. பல் தேயாமல் காப்பதற்கு அது உதவும் என்பது தனி.

ஆனால் பரிந்துரைப்பது ஒன்று, கிடைப்பது வேறு. 2020ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிகள் இந்த வலியைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை கொடுத்தன. நோயாளிகள் பல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. அங்கே பல்லுக்கு ஒரு காப்பீடு, உடம்புக்கு ஒரு காப்பீடு. தாடை வலி என்று போனால் பல் காப்பீட்டுக்காரர் இது உடம்பு என்கிறார். உடம்புக் காப்பீட்டுக்காரர் இது பல் என்கிறார்.